கொசுறு

மூக்கையூரில் கச்சான் அடங்காத ஆடி.
படகெல்லாம் மணலில்.
தொபியாஸ் அண்ணனின் புது வலைக்கு
கித்தேரி மைனி ஈயமணி கோக்கிறாள்.
பழைய வலையைப் போன மாசியில்
நடுக்கடலில் அறுத்துவிட்டார்கள்,
கோட்டைத் தாண்டினாய் என்று.
கோடு எங்கே கிடந்தது என்று
தண்ணீரைத்தான் கேட்கவேண்டும் என்கிறான் அண்ணன்.

எட்டுக் கிலோ ஈயம். கடன்.

ஒரு மணியை உள்ளங்கையில் உருட்டுகிறேன்.
எங்கிருந்து வந்தது தெரியுமா என்றால்
சாயல்குடியிலிருந்து என்கிறாள் மைனி.
அதுவும் சரிதான்.

அதற்கும் முன்னால் ஒரு கிழட்டுச் சிவப்பு விண்மீன்.
அதன் வயிற்றில்
பதின்மூன்று எடைக் கார்பனோடு
நான்கு எடை ஹீலியம் வந்து மோதும்.
கூட்டினால் பதினேழு.
பதினாறைக் கட்டிக்கொண்டு ஆக்சிஜன் போய்விடும்.
மிச்சம் ஒன்று.
நூறு நண்டு எண்ணிப் போட்டபின்
மைனி கூடையில் எறிகிற நூற்றியோராவது மாதிரி,
கொசுறு.

அதுதான் நியூட்ரான்.
மின்சுமை கிடையாது. ஆகவே
எந்த அணுவின் வாசலிலும்
அதை மறித்து ஊர் பேர் கேட்பாரில்லை.
இரும்புக்குள் நுழையும், உட்காரும்.
அடுத்தது வர
பத்து வருடம் ஆகலாம், ஆயிரமும் ஆகலாம்.
காத்திருக்கையில் சிலது உள்ளேயே மனம் மாறிப்
புரோட்டானாகிவிடும்;
அணுவுக்கு அன்றிலிருந்து வேறு பெயர்.
இப்படியே ஸ்ட்ரான்சியம், பேரியம்,
போய்ப் போய் ஈயம்.
மேலே பிஸ்மத் என்று ஒரே ஒரு படி.
அதையும் தாண்டினால்
சறுக்கி மறுபடி ஈயத்திலேயே விழவேண்டும்.

மலைக்கடியில் ஒரு சுரங்கத்தில்
இந்தக் கொசுறை எண்ணுவது என் உத்தியோகம்.
மணிக்கு ஒன்று விழுந்தால் நல்ல இரவு.
விடியும்வரை திரை அசையாத நாளில்
பதிவேட்டில் பூஜ்யம் எழுதுவேன்.
மனசுக்குள் மட்டும் ஊர்ப்பேச்சு:
இன்னைக்குப் பாடு இல்லை.

எல்லாம் கேட்டுவிட்டு
மைனி நூலைப் பல்லால் கடித்தாள்.
"அந்த ஒண்ணை எவனும் காசுக்கு விக்கலையா?"
"இல்லை மைனி."
"நம்மகிட்ட வரும்போதுதான் கிலோக் கணக்கா?"

பதில் இல்லை என்னிடம்.
அண்ணன் காற்றைப் பார்த்துவிட்டு வந்து
ஒன்றும் சொல்லாமல் படுத்துக்கொண்டான்.

கோத்து முடித்தபோது ஒரு மணி மிஞ்சியது.
வச்சுக்க, என்று என் பையில் போட்டாள்.
மதுரை விமான நிலையத்தில்
மறித்துத்தான் கேட்பார்கள்.
கேட்கட்டும்.