மூடிக்கு அடியில் நுரை

எண்ணெய் மூடியைத் திருகினேன்.
உள்பக்கம் தே தாரிக் நுரைபோல்
விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தது.

"ஹெட் கேஸ்கெட் போச்சாம், மெய்யழகி.
டவுன்ல ஆயிரத்து எண்ணூறு வெள்ளி கேட்கிறான்"
என்றார் அருளப்பன்,
தானே எதையோ போட்டு உடைத்தவர் குரலில்.
எண்பத்தேழாம் வருஷத்து நிஸ்ஸான் சன்னி.
மில்லில் ராக்காவல் முடித்து அவர் திரும்பும்
அந்த இருமலைக் கேட்டுத்தான்
பஹாவில் நான் கடை திறப்பது.

நுரையை நம்பி இஞ்சினைப் பிரிக்கிறவள் இல்லை நான்.
"வண்டியை விட்டுட்டுப் போங்க. ராத்திரி ஆறட்டும்."

விடிகாலை.
செம்பனை மில் புகை
பஸ் நிலையம் வரை இறங்கிக் கிடந்தது.
ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன்,
தண்ணீர் விளிம்போடு பச்சையாய் நின்றது.
சாவியைத் திருப்பிக் குனிந்து பார்த்தேன்.
குமிழி வந்தால் குற்றம்.
ஒரு குமிழி வந்தது.
காத்திருந்தேன், இன்னொன்று வரவில்லை.

டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கறுப்பு, கலங்கல் இல்லை.
சைலன்சர் வாயில் உள்ளங்கை வைத்தேன். ஈரம்.
முகர்ந்தேன். இனிப்பில்லை.
நாலு பிளக்கையும் கழற்றிப்
பழைய நாளிதழ்மேல் வரிசையாய்க் கிடத்தினேன்.
வால்வ் மூடியின் கார்க் கேஸ்கெட்
அப்பளமாய் நொறுங்கிக் கையோடு வந்தது.
வெளிக்கசிவு அங்கேதான், முப்பத்தைந்து வெள்ளி.
சரி, அந்த நுரை?

"ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?"
"குவார்ட்டர்ஸிலிருந்து மில்லுக்கு. ரெண்டு கிலோமீட்டர்."
"அப்புறம்?"
"மில்லிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு."
"ஞாயித்துக்கிழமை?"
"மாதா கோயில் பக்கம்தானே, நடந்துடுவேன்."

சூடேறும் முன்பே அணைத்துவிட்ட இரும்பு
தன் மூச்சைத் தானே குடிக்கும்.
ஆற ஆற வியர்த்து
எண்ணெயிலேயே சொட்டும்.

புது கார்க் மாட்டி, "ஏறுங்க" என்றேன்.
குவாலா பிலா தாண்டி
புக்கிட் பூத்துஸ் பழைய ஏற்றம்,
மூன்றாம் கியரில்,
சூட்டு முள் நடுக்கோட்டைத் தொடும்வரை.
ஸ்டியரிங்கை இரு கையாலும் பற்றிக்கொண்டு
"லோரி, லோரி" என்று
தனக்கே சொல்லிக்கொண்டு வந்தார்.

உச்சியில் ஓரங்கட்டித்
துணி சுற்றி மூடியைத் திறந்தேன்.
ஆவி எழுந்தது. நுரையில் பாதி காணோம்.
எட்டிப் பார்த்தார்.
பிறகு கீழே, வளைந்து இறங்கும் சாலையை.
"இவ்வளவு தூரம் வந்தாச்சு,
சிரம்பான் வரைக்கும் போய்ட்டு வருவோமா?"

கடையில் ஒரு பிரேக் வேலை காத்திருந்தது.
போனோம். மீ கோரிங் வாங்கித் தந்தார்.

இரவு கடை ஏட்டில் எழுதியது:
கார்க் கேஸ்கெட், எண்ணெய், கூலி, நூற்றிருபது.
வாரம் ஒரு தடவை மலை.
மூன்றாவது பிளக் மற்றதைவிடச் சற்று வெளுப்பு,
கிறிஸ்மஸுக்கு முன் மறுபடி பார்க்க.

அந்த ஒற்றைக் குமிழியை மட்டும்
எழுதவில்லை.