ஆனா

பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தின ராத்திரி
விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன்.
பொய் சொல்லவில்லை.
பொய்ச்சாட்சி இல்லை.
யாரையும் சபிக்கவில்லை,
கணுக்காலில் அட்டை ஏறிய அன்றைக்குக்கூட.
பத்துக் கட்டளையும் சத்தமில்லாமல்
என்னைக் கடந்து போயின.

நான் சொன்னது இரண்டெழுத்து.

மஸ்கெலியாவிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை வந்திருந்தாள்.
மழை விட்டும் விடாத நேரம்,
கொழுந்து மடுவத்தில் அந்தி நிறுவை.
நனைந்த படங்கு இடுப்போடு ஒட்டிக் கிடந்தது.
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
"எமல்டா எப்புடி? ஒங்க லயத்துப் புள்ளதானே?"

"நல்ல புள்ளதான்" என்றேன்.
அதோடு நின்றிருக்கலாம்.
"ஆனா…" என்றேன்.

கணக்கப்பிள்ளை என் பெயரைக் கூப்பிட்டார்.
பதினேழு கிலோ.
ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று இரண்டைக் கழித்தார்.
அந்த இரண்டுக்காகத் தொண்டை வற்றச் சண்டை பிடித்தேன்.
திரும்பி வந்து பார்த்தால்
அத்தை நின்ற இடத்தில் அவள் செருப்பின் சேறு மட்டும்.

பாதிச் சொல் அது; கால் முளைக்க நேரமாகவில்லை.
மேல் லயத்தில் அதற்கு ஒரு கடைசி பஸ் கிடைத்தது,
அட்டனிலிருந்து இரவு எட்டரைக்கு வருவது.
கடைக்காரர் லொறி டிரைவர் ஒருவனை ஏற்றிவிட்டார்.
அணைக்கட்டைத் தாண்டி மஸ்கெலியா சேர்வதற்குள்
கொழும்பில் ஒரு பிள்ளையே பிறந்திருந்தது.

அந்த மாசிமாதம்
எதிர்மலையில் மானாப்புல் எரிந்ததை
வாசலில் நின்று பார்த்தோம்.
"எவனோ பீடிய வீசிட்டான்" என்றார்கள்.
வீசியவன் எங்களோடு நின்றும் பார்த்திருக்கலாம்.

ஞாயிறு.
வாயைத் திறந்தேன்.
சுவாமி நாக்கின்மேல் அப்பத்தை வைத்தார்.
அது வழக்கம்போல அண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.
கரைக்க நாக்கை உயர்த்தினேன்,
அங்கேயே உறைந்தேன்.
'னா' என்று சொல்வதற்கும்
நாக்கு போய்த் தொடுவது
இதே இடத்தைத்தான்.

சுவாமியிடம் சொன்னேன்.
வழக்கமான மூன்று அருள்நிறை மரியை அவர் கொடுக்கவில்லை.
"மொதல்ல அந்தப் புள்ளகிட்டப் போங்க" என்றார்.
மூன்று நாள் போகவில்லை.
முழங்கால் வலி என்றேன், கேட்காதவர்களிடமும்.

நாலாம் நாள் எமல்டா பீலியடியில் இருந்தாள்.
எல்லாவற்றையும் சொன்னேன்.
அவள் நிமிரவில்லை.
வாளி நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது.

"ஆனாவுக்கு அப்பறம்
என்னக்கா சொல்ல வந்தீங்க?"

தேடினேன்.
கூடையைக் கவிழ்த்து உதறுவதுபோல
எனக்குள் உதறிப் பார்த்தேன்.
ஒரு பஸ் இல்லை, ஒரு லொறி இல்லை,
ஒரு கோணல் சிரிப்புக்கூட இல்லை.

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமே இல்லயா?"
வாளியைத் தூக்கினாள்.
"ஏதாச்சும் இருந்திருந்தா
அத மாத்திக்கிட்டிருப்பேன்."

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு, சுவாமியிடமும்:
அந்த அத்தை வந்த அன்றைக்கு
என் மகள் இரண்டு நிரை தள்ளி நின்று
கொழுந்து கொட்டிக்கொண்டிருந்தாள்.
அவளைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

வீணாய்ப் பேசிய சொல் ஒவ்வொன்றுக்கும்
ஒருநாள் கணக்கு உண்டு என்கிறார்கள்.
அந்தத் தராசில்
ஈரத்துக்கென்று ஏதாவது கழிப்பாரா, தெரியாது.
கழிக்கச் சொல்லிச் சண்டை பிடிக்க மாட்டேன்.

நேற்று மடுவத்தில் யாரோ கேட்டாள்,
புதிதாக வந்த பிள்ளைக்காம்பரா ஆயா எப்படி என்று.
"நல்ல மனுசி" என்றேன்.

நாக்கு எழும்பியது.

பல்லுக்கிடையில் பிடித்து வைத்திருந்தேன்,
கணக்கப்பிள்ளை என் பெயரைக் கூப்பிடும் வரை.