இடது காது

பாசிக்குடாவில், நீச்சல் குளத்துக்கும்
நண்டுச் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவில்
ஒரு ஆனை வளர்க்கிறேன்.
கம்பிக் கூட்டுக்குள் ஆறு பைக்கஸ் செடி:
காலுக்கு நாலு, வயிற்றுக்கு ஒன்று, தும்பிக்கைக்கு ஒன்று.
தும்பிக்கை மேலே தூக்கியிருக்க வேணும்.
அதுதான் ராசியாம்.
கொழும்பிலிருந்து வந்த படத்தில் அப்படித்தான் இருந்தது.

எனக்குத் தெரிந்த ஆனை தும்பிக்கையைத் தூக்கவில்லை.
தாழ்த்தி, மோந்து மோந்து,
குசினிச் சுவரில் நெல்லு மூடை சாய்ந்திருந்த இடத்தை
வெளியில் நின்றே கண்டுபிடித்தது.
ஒரு தள்ளு.
கல் விழுந்த சத்தம் மறந்துபோயிற்று,
மென்ற சத்தம் போகவில்லை.
கிரவல் ரோட்டில் யாரோ
அவசரமில்லாமல் நடக்கிற மாதிரி.
நான் கட்டிலுக்குக் கீழே,
அணைத்த டோர்ச்சை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.
சுவர் இருந்த இடத்தில் நிலா.
அந்த வெளிச்சத்தில் பார்த்தேன்,
இடது காதில் ஒரு சாண் கிழிசல்.

விடிய,
சுவரில்லாத வீட்டின் கதவைப் பூட்டிவிட்டு
புலிபாய்ந்தகல்லால் வந்து பஸ் பிடித்தேன்.
வந்த கையோடு கத்தரியை எடுத்து
இடது காதில் ஒரு சாண்.

நிசாம்தீன் நானா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
"காது பிஞ்சி கிடக்கே புள்ள?"
"புழு அடிச்சிட்டு நானா. வளர்ந்திரும்."
வளர்ந்தது. வெட்டினேன்.
வளர்ந்தது.

பத்து நாள் விட்டால் போதும்,
நகம் போகும், வால் போகும்,
ஒரு பற்றை நிற்கும்
உள்ளே கம்பி மட்டும் ஆனையாக.

நட்டஈட்டுப் படிவத்தில்
எத்தனை மூடை என்று கேட்டிருந்தது,
எத்தனை அடிச் சுவர் என்று கேட்டிருந்தது.
எந்த ஆனை என்று கேட்கவில்லை.
ஓரத்தில் நானாகவே எழுதினேன்.
கிராம சேவகர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

போன கிழமை ஒரு ரஷ்யாக்காரி
பிள்ளையைத் தூக்கி
கிழிசலுக்குள் கையை விடச் சொல்லிப் படம் எடுத்தாள்.
பிள்ளை கையை எடுக்க மாட்டேன் என்று நின்றது.

நேற்றிரவு தம்பி குணாளனின் போன்.
வட்டைக்குள் நின்றதாம்,
வெடி போட்டுக் கலைத்தாயிற்றாம்.
"காதப் பார்த்தியா?" என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"இப்ப வலதும்" என்றான்.

வெயில் ஏறவில்லை இன்னும்.
விருந்தாட்கள் நித்திரை.
ஏணியை
மற்றப் பக்கத்துக்கு நகர்த்துகிறேன்.