விழுந்த இடம்

நான்காம் பகுதி ஒளிபரப்பான மறுநாள்
நாடாளுமன்றத்தில் ஒரு நாற்காலி பறந்தது.
வ்லோராக் கடற்கரைச் சாலையில், குய்த்திமின் காபிக்கடையில்
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தோம்.
வாய்கள் மட்டும் திறந்து மூடின,
மீன்கடைத் தொட்டியில் போல.

ஆளுங்கட்சிக்கு வில்லனின் மூக்கு பிடிக்கவில்லை.
அது எங்கள் தலைவர் மூக்கு என்கிறார்கள்.
எதிர்க்கட்சிக்கு நாள்காட்டி பிடிக்கவில்லை.
செவ்வாய்க்கிழமை நாங்கள் ஊரிலேயே இல்லையாம்.
ஆயுதக் கிடங்கின் கதவைத் திறந்தது யார்?
இருபத்தேழு வருடம் கழித்தும்
ஆளுக்கொரு விரல் எதிர்வரிசையை நோக்கி.

யாரும் திறக்கவில்லை.
நான் போனபோது திறந்துதான் கிடந்தது.

காவலுக்கு ஒரு வடக்கத்திப் பையன்.
மீசை இன்னும் முடிவெடுக்காத முகம்.
ஊருக்குப் போகணும் அண்ணே,
சீருடையோடு போனால் வழியிலேயே முடித்துவிடுவார்கள்,
உங்கள் கால்சட்டையைக் கொடுங்கள் என்றான்.
கொடுத்தேன்.
சும்மா வாங்கக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள் போல,
பதிலுக்குத் துப்பாக்கியை நீட்டினான்.

மார்ச் மாதக் குளிரில்
உள்ளாடையும் தோளில் கலாஷ்னிகோவுமாக
வீடு வந்து நின்றவனைப் பார்த்து
லிரி சிரித்தாள்.
அந்த வருடம் அவள் சிரித்தது அந்த ஒரு தடவை.

தொடரில் இது இல்லை.
தொடரில் எல்லோரும் கால்சட்டை அணிந்திருக்கிறார்கள்.
பின்னணியில் வயலின் அழுகிறது.

குறை சொல்லக் கூடாது, சிலதைச் சரியாகவே எடுத்திருக்கிறார்கள்.
ஒன்றுக்கு மூன்று தருகிறேன் என்றவனிடம்
ஆரஞ்சுத் தோப்பை விற்றுப் போட்டோமே,
அந்த ரசீதின் பச்சை
அதே பச்சை.

அன்றிரவு ஊரே வானத்தைச் சுட்டது.
யாரைச் சுடுவதென்று தெரியாதவனுக்கு
மேலேதான் இடம் நிறைய.
மாடியில் ஏறி நானும் சுட்டேன்.
முப்பது.
எண்ணவில்லை; காலியாகும்வரை விரலை எடுக்கவில்லை.
முப்பது என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

நான்காம் பகுதியில் ஒரு சிறுமி
மொட்டைமாடிக்குத் துணி எடுக்க வருகிறாள்.
மஞ்சள் துண்டு ஒன்றை மடிக்கிறாள்.
பாதி மடிப்பில்
களைத்துப்போனவள் மாதிரி உட்கார்ந்துவிடுகிறாள்.
அவ்வளவுதான். வசனமில்லை. வயலின்கூட இல்லை.

அப்படி ஒரு பெண் சாகவேயில்லை என்று
அமைச்சர் ஒரு பட்டியலை ஆட்டிக் காட்டினார்.
உண்மையில் செத்தவர்கள் இருக்க இவள் எதற்கு என்று
எதிர்வரிசையும் எழுந்தது.
எழுதியவளைத் தொலைக்காட்சியில் உட்கார வைத்தார்கள்.
மிமோசா என்று பெயர்,
அந்த மார்ச்சில் பிறந்திருக்கவே மாட்டாள்.
ஆமாம், என் கற்பனைதான் என்றாள்.

கடை முழுக்க ஒரு பெருமூச்சு.
இரண்டு கட்சியும் ஒத்துப்போக
இந்த நாட்டில் ஒரு விஷயம் கிடைத்துவிட்டது:
அவள் இல்லை.
குய்த்திம் இன்னொரு சுற்றுக் காபி போட்டான், காசு வேண்டாமென்று.

மேலே போனது இறங்கும்.
இதற்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்.
ஒன்று பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கியது.
எந்த நாய் செய்த வேலை என்று
அவனோடு சேர்ந்து திட்டிக்கொண்டே
நான்தான் ஓட்டையை அடைத்துக் கொடுத்தேன்.
மீதி இருபத்தொன்பது.
கடலில் விழுந்திருக்கலாம்.
கடல் பெரிசு. அதனால்தான் எப்போதும்
இந்த நாற்காலியில், கடலைப் பார்த்து.

சாயங்காலம் பாரியிலிருந்து பிரிகேனா பேசினாள்.
அப்பா, நிஜமாகவே கதவைத் திறந்தது யார்?
கால்சட்டைக் கதையைச் சொன்னேன்.
அவள் அம்மாவைப் போலவே சிரித்தாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.

போனை வைத்தபோது மாடியில் காலடி.
காய்ந்த துணிக்கு லிரி போயிருக்கிறாள்.
படியின் கீழே நின்று கத்தினேன்,
தேவைக்கு மேல் சத்தமாக:
அங்கே நின்று மடிக்காதே,
அப்படியே அள்ளிக்கொண்டு இறங்கி வா.