பதினெட்டுக் கட்டம்

திங்கட்கிழமை, காலை ஏழு மணி.
புதிய பயிற்சியாளர் வோண்ட்ரா ஒரு காகிதத்தை நீட்டினார்.
மைதானத்தின் படம்.
குறுக்கே ஐந்து கோடு, நெடுக்கே இரண்டு.
"இப்படிப் போட்டுக் கொடுங்கள்."

பத்தொன்பது வருடமாகச் சுண்ணாம்பு வண்டி தள்ளுகிறேன்.
ரூட்னிட்சாவில் என் கோடு கோணல் என்று
எந்த நடுவரும் சொன்னதில்லை.
போட்டேன். பதினெட்டுக் கட்டம்.
இரண்டு மூட்டை அதிகம் செலவு.
கணக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

அதுவரை எங்கள் ஆட்டம் எளிமையானது.
பந்து கிடைத்ததா, உதை.
டொமாலா எங்கோ முன்னால் நிற்பான்,
அவன் தலையில் விழுந்தால் விழட்டும்.
பதினோரு ஆட்டம், ஒரு வெற்றி.
அதுவும் மூடுபனியில்.

வோண்ட்ரா கத்தமாட்டார்.
எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்.
அவர் வாயில் எங்கள் போலிஷ்
ஈரப்புல்லில் போல லேசாக வழுக்கும்.
"ஆளைக் காவல் காக்காதே,
இடத்தைக் காவல் கா."

பியெச்சாவுக்கு முப்பத்து நான்கு வயது.
எதிராளியின் சட்டையைப் பிடித்தபடியே
பதினாறு பருவம் பிழைத்தவன்.
வெறுங்கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியதும்
பேருந்து போன பிறகு நிறுத்தத்தில் நிற்பவனைப் போல
இரண்டு கையையும் பார்த்துக்கொண்டான்.
"இங்கே யாருமே இல்லையே?"
"வருவார்கள்."

வந்தார்கள்.
முதல் சனிக்கிழமை நான்கு கோல்.
இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள்;
நாங்கள் இடத்தைக் கொடுக்கவேயில்லை,
அதை விட்டு அசையாமல் நின்றோம்,
பந்துதான் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.
நான்காவது கோல் எங்கள் சொந்தத் தயாரிப்பு:
கூச் தன் கோலடியிலிருந்து பக்கத்தில் தட்ட,
பக்கத்தில் இருந்தவன் அதற்கும் பக்கத்தில் தட்ட,
அங்கே நின்றது வேறு நிறச் சட்டை.
மேடையிலிருந்து யாரோ
பாதி கடித்த சாசேஜை வீசினார்கள்.
பொறுக்கியது நான்.

பிறகு ஒன்பது நாள் மழை.
கட்டமெல்லாம் கரைந்து
பால் சிந்திய தரைபோல் ஆயிற்று.
வண்டியை எடுத்தேன்.
"வேண்டாம், பார்க்கலாம்" என்றார்.

பார்த்தேன்.
வலது ஓரத்தில் ஓடிவந்த ஷிமூரா
ஒன்றுமில்லாத புல்லில் சட்டென்று நின்றான்,
சரியாகக் கோடு இருந்த இடத்தில்.
நின்றவன் காலுக்குப் பந்து வந்தது.
பியெச்சா புதுப் பையனைத் திட்டுகிறான்:
"உன் கட்டம்டா! அது உன் கட்டம்!"

எனக்கும் தொற்றிவிட்டது.
எங்கள் சமையலறை இரண்டு பேர் திரும்ப முடியாத இடம்.
ஹெட்விகா அடுப்புக்கு வந்தால்
நான் தானாக ஜன்னலுக்கு நகர்கிறேன்.
"உடம்புக்கு ஏதும் ஆயிற்றா?" என்கிறாள்.

மார்ச்சில் முதலிடத்துக்காரர்கள் வந்தார்கள்.
எழுபத்தொன்றாம் நிமிடம், கார்னர்.
அவர்களின் நெட்டையன் ஓடிவர
பியெச்சாவின் கை பழைய ஞாபகத்தில்
சட்டையை நோக்கிப் போனது,
பாதியில் திரும்பி வந்தது.
பந்து அவன் கட்டத்துக்கே வந்தது.
தலையால் இறக்கிக் காலடியில் வைத்தான்.

"உதை!"
ஊரே கத்தியது. நானும் கத்தினேன்.
வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

அவன் உதைக்கவில்லை.
கூச்சுக்குத் தட்டினான், கூச் ஷிமூராவுக்கு,
ஷிமூரா புதுப் பையனுக்கு,
ஏழாவது தட்டில் டொமாலா,
முதல்முறையாகத் தலையில் அல்ல, காலில்,
எதிரே கோல்கீப்பர் மட்டும்.

கம்பத்தில் பட்டது.
அந்த ஓசை இன்னும் என் பல்லில் இருக்கிறது.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஒரு புள்ளி.
பட்டியலில் இன்றும் கடைசிக்கு முந்தைய இடம்தான்.
ஆனால் ஆட்டம் முடிந்தும்
கொஞ்ச நேரம் யாரும் எழுந்து போகவில்லை.
குப்பையும் குறைவு.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு
வோண்ட்ரா இன்னொரு காகிதத்தோடு வந்தார்.
மூலைக்கு மூலை இழுத்த கோடுகள்.
"இது கோணலாக இருக்கிறதே" என்றேன்.
"ஆமாம்" என்றார்.

மூன்று மூட்டை ஆகும்.
வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன்.