பதினொரு எழுத்து

பேக்கர்ஸ்ஃபீல்டில் அக்டோபரிலும் தார் இளகும்.
ஹாக்கி அரங்கத்துக்குள் மட்டும் பனித்தரை.
அதற்கும் கீழே என் தையல் அறை.

ரொதியோன் செர்னாவ்ட்செவ்.
ஆங்கிலத்தில் பதினொரு எழுத்து.
ஒரு தோளில் கிளம்பி மறு தோளில்
மூச்சிரைக்க வந்து சேரும் பெயர்.
முதல் சட்டையில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன்.
தூக்கிப் பார்த்துச் சிரித்தான்,
முன்பல் இரண்டு இல்லை.
"பரவாயில்லை, அறிவிப்பாளர் மூன்றை விடுகிறார்."
அன்றிரவே பிரித்து மறுபடி தைத்தேன்.

செரெபொவெட்ஸில் எஃகு ஆலைக்குப் பக்கத்தில்
விழும்போதே பனி சாம்பல் நிறமாம்.
இங்கே வண்டி நிறுத்துமிடத்தில் நின்று
ஆரஞ்சு உரிப்பான்,
தோலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வான்.
புத்தாண்டு வாசனை என்பான், மார்ச் மாதத்திலும்.

நாற்பத்தோரு ஆட்டம், ஆறு கோல்.
பெரிய லீகிலிருந்து இரண்டு முறை அழைப்பு.
முதல் முறை விமான நிலையத்தோடு திருப்பிவிட்டார்கள்.
மறுமுறை ஏழு நிமிடம் ஆடினான்.
அந்த ஏழையும் அவன் அம்மா
டிவியிலிருந்து கைபேசியில் பிடித்து வைத்திருக்கிறாள்.
அங்கே அப்போது காலை:
ஆட்டத்தின் குறுக்கே அவர்கள் வீட்டு ஜன்னல் வெளிச்சம்.

வியாழன் மதியம் கைமாற்றிவிட்டார்கள்,
ராக்ஃபோர்டுக்கு.
சலவை இயந்திரத்தில் அவன் காலுறைகள்
இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

சட்டை கிளப்புக்குச் சொந்தம்.
பிளேடால் ஒவ்வொன்றாக எடுத்தேன்.
அடுத்து வருபவன் பெயர் லீ.
நடுவில் வைத்தால் போதும்,
பத்து நிமிட வேலை.

ஆவி காட்டித் தேய்த்தும்
ஊசித்துளைகள் போகவில்லை.
விளக்குக்கு நேராகப் பிடித்தால்
தோளிலிருந்து தோள்வரை வரிசை தெரிகிறது.
நான் திருத்தித் தைத்த இடத்தில்
எல்லாம் இரண்டிரண்டாக.