குழுவுக்குள் இலவசம்

மத்திய வீதிக் கடையில் இரண்டு கம்பனிகளின் கொடிகளும்
ஒரே காற்றாடிக்கு ஆடிக்கொண்டிருந்தன.
டோக்கன் பதினேழு.
நான் வெள்ளெனவே வந்துவிட்டேன்.
அவர் வழமைபோலப் பிந்தித்தான்,
மூதூர் லோஞ்சின் எஞ்சின் கறுப்பு
நகத்துக்குள் கிடக்க.

நாலு இலக்கம், ஒரு பில்.
எங்களைப் பிரித்துவிடக் கோட்டுக்குப் பதினாலு மாதம் பிடித்தது.
பிறகும் மாதாமாதம்
நவநேசன் குடும்பம் என்றுதான் பில் வந்தது.
நானும் திருத்தவில்லை. அரைவாசியைக்
கடித உறையில் வைத்து மகனிடம் கொடுத்துவிடுவேன்.

கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிற றிஸ்னா
திரையைத் திருப்பிக் காட்டினாள்.
“குழுவுக்குள்ள கோல் ஃப்ரீ, மெடம்.
உங்கட ரெண்டு நம்பருக்கும் இடையில
வருஷம் முழுக்க ஒரு நிமிஷமும் பாவிக்கல்ல.
வீணாப் போகுது.”

இருவரும் ஒரே நேரத்தில்
காற்றாடியைப் பார்த்தோம்.

எனக்கு வேண்டியது பெரிதில்லை.
பாலையூற்று வீட்டுக்குள் கொஞ்சம் சிக்னல்.
இரண்டு வருடமாகத் தண்ணீர்த் தொட்டிக் கட்டில் ஏறித்தான்
ஹலோ சொல்கிறேன்.
மழையென்றால் உலகத்தில் நான் இல்லை.
மற்றக் கம்பனி அடுப்படியிலேயே எடுக்கும் என்று
பக்கத்து வீட்டு மரியசெல்வி
தன் போனைக் கொண்டுவந்து சோற்றுப் பானைக்கு மேல்
பிடித்துக் காட்டினாள்: நாலு கோடு.
நூற்றைம்பது ரூபா கூட. டேட்டா குறைவு.
இரவு டேட்டா என்று தனியாக ஒன்று தருகிறார்கள்,
பேய்கள் பாவிக்க.
மகன் கேட்டது ஒன்றுதான்:
“புதுசில கேம் தொங்குமா?”

எல்லாச் சிம்மும் அவரின் அடையாள அட்டையில்.
முதல் இரண்டும் கலியாணம் முடிந்த கிழமை வாங்கியவை,
கடைசி இலக்கம் மட்டும் வேறு.
விடுவிக்கிறதென்றால் அவர் வந்து ஒப்பமிட வேண்டும்.

“பிள்ளைகள்ற நம்பர்
ஆர்ர பக்கம் போடுற?”
சும்மாதான் கேட்டாள், ஒரு கை மவுஸில்.
நீதவான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்ட கேள்வி.

வெளியே ஓட்டோவுக்கும் மதிலுக்கும் நடுவில்
ஒரு மான்
சாப்பாடு சுற்றிய தாளைத் தின்றுகொண்டு நின்றது.

அவர்தான் முதலில்,
“மகளின்ர ஹொஸ்டல்ல இது ஒண்டுதான் எடுக்கும்.”
“தெரியும். அவனுக்கு வீட்டில அது.”
“ஓம்.”

அவ்வளவுதான்.
சட்டத்தரணிகள் தவணை தவணையாய் இழுத்ததை
வந்தாறுமூலையில் ஒரு டவரும்
பாலையூற்றில் ஒரு டவரும்
மான் அந்தத் தாளை விழுங்கி முடிப்பதற்குள்
தீர்த்துவைத்தன.

ஒப்பமிட்டார். படிவத்தின் மூலையில்
எண்ணெய்ப் பெருவிரல் பதிந்துவிட்டது.
துடைக்கப் பார்த்தார், இன்னும் பரவியது.
“பரவாயில்ல சேர், ஸ்கேன்ல விழாது.”

“பழைய நம்பர் என்னாகும்?”
என்னிடமல்ல, அவளிடம்.
“கொஞ்ச நாள் சும்மா கிடக்கும்.
பொறகு வேற ஆருக்காவது குடுப்பாங்க.”
தலையாட்டினார்.
என் இலக்கத்தை நான் ஒருநாளும் பாடமாக்கியதில்லை.
யார் கேட்டாலும்
பக்கத்தில் நின்று அவர்தான் சொல்லுவார்,
மூன்று மூன்றாகப் பிரித்து.

இரவு அடுப்படியில் நின்றேன்.
பருப்பு கொதிக்கிறது, நாலு கோடும் நிற்கிறது.
மகளுக்கு எடுத்தேன்.
அவள் இப்போது குழுவுக்கு வெளியே;
நிமிடத்துக்குக் காசு.

மூன்றாம் மணிக்கு எடுத்தாள்.
“ஹலோ, வணக்கம். ஆர் கதைக்கிறீங்கள்?”

உடனே சொல்லவில்லை.
தெரியாத ஒருவரோடு என் பிள்ளை
இத்தனை மரியாதையாகக் கதைப்பாள் என்று
எனக்கெப்படித் தெரியும்?
பருப்பை இறக்கிவைத்துவிட்டு,
காசு கொடுத்து,
இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தேன்.